கலங்கல் நீரும் சுண்ணப் படிவும்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிச் சிற்றாற்றில் புது வெள்ளம் இறங்கும்போது, தென்காசியைச் சுற்றியுள்ள கால்வாய்களில் செந்நிற நீர் பெருகி ஓடுவதை அப்பகுதி விவசாயிகள் யாவரும் அறிவர். அந்நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து வைத்துப் பார்த்தால், மணல் சில நிமிஷங்களிலேயே அடியில் தங்கிவிடுகிறது. மேல் நிற்கும் நீரின் கலங்கலோ மறுநாள் காலையிலும் தீர்வதில்லை. அதே ஜில்லாவின் கீழ்ப் பாகமாகிய சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கங்களில் உள்ள கிணறுகள் பலவற்றின் நிலைமை இதற்கு நேர்மாறானது. இறைத்த நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கிறது. ஆனால் அது ஓடிய குழாயிலும், அதைக் காய்ச்சிய பாத்திரத்திலும் வெள்ளையாக ஒரு படிவு ஏறுகிறது. ஜனங்கள் இதனை உப்பு ஏறிவிட்டதென்பர். உண்மையில் அது பெரும்பாலும் சுண்ணாம்பே.

கலங்கல் தெளியாமல் நிற்பதும், தெளிந்த நீரிலிருந்து கல் உண்டாவதும் வெவ்வேறு சங்கதிகள்போலத் தோன்றினும், இரண்டிற்கும் அடியில் இருக்கும் காரணம் ஒன்றே. நுண்ணிய மண் துகளின்மேலும், வளர்ந்துவரும் சுண்ணாம்பு ஸ்படிகத்தின்மேலும் மின்னேற்றம் இருக்கிறது. அவ்வேற்றத்தைப் பற்றக்கூடிய நீண்ட பசைப் பொருள்கள் மிகச் சிறிதளவு நீரில் கலந்தாலும், துகள்கள் கூடிப் படிவதும், பிரிந்து மிதப்பதும், ஸ்படிகம் வளர்வதும், வளராமல் நின்றுவிடுவதும் அப்பொருள்களின் வசமாகிவிடுகின்றன. ரசாயன சாஸ்திரிகள் இவற்றை மின்னேற்றமுள்ள பாலிமர்கள் என்பர். பெயர் புதிதே யன்றிப் பொருள் புதிதன்று. தேற்றாங்கொட்டையின் பசையும், தொழு எருவின் கரிய சாரமும் இவ்வினத்தவை. கடுக்காயின் துவர்ப்பு இதற்கு அண்டையான இனம். கிணற்றை நம்பிச் சொட்டு நீர்க் குழாய் போட்டிருப்பவர்களுக்கும், மணிச்சத்து உரத்திற்குப் பணம் செலவிடுபவர்களுக்கும், விதைத்த நிலம் ஓடு கட்டி முளை வெளிவராமல் தவிப்பவர்களுக்கும் இது வெறும் சாஸ்திர விநோதமல்ல.

ஆற்று நீர் தெளியாத காரணம்

களி என்பது மண்ணின் மிக நுண்ணிய பாகம். 0.002 மில்லிமீட்டருக்குக் குறைந்த துகளே களி எனப்படும். இத்துகள்கள் உருண்டையானவையல்ல, அப்பளம்போல் தட்டையானவை. ஒவ்வோர் அப்பளத்தின் முகத்திலும் எதிர் மின்னேற்றம் உண்டு. ஒரே விதமான ஏற்றமுள்ள இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தள்ளுமாகையால், துகள்கள் நெருங்கிச் சேர்ந்து கனத்து அடியில் விழ வழியில்லை.

இத்தள்ளுதலை அடக்கக்கூடியது நீரில் கரைந்திருக்கும் உப்பாகும். நேர் மின்னேற்றமுள்ள கால்ஷியம், மக்னீஷியம் ஆகியவை நீரில் மிகுந்திருந்தால், அவை களித் துகளை நெருங்கிச் சூழ்ந்து அதன் ஏற்றத்தை மறைத்துவிடும். அப்போது துகள்கள் ஒட்டிக்கொள்ளும். குற்றால மலையின் நீரோ, எளிதில் கரையாத கடினப் பாறைகளின்மீதும் காட்டு நிலத்தின்மீதும் விரைந்து இறங்கி வருவது. அதில் உப்புச் சத்து சொற்பம். குடிப்பதற்கும் துணி வெளுப்பதற்கும் அந்நீரின் மென்மையே சிறப்பு. களி தெளிவதற்கு அதே மென்மை இடையூறாகிறது. சிற்றாறு சீவலப்பேரியருகில் தாமிரபர்ணியிற் கலந்து, தாமிரபர்ணி புன்னைக்காயலருகே கடலைச் சேர்கிறது. அணைகளிலும் குளங்களிலும் தங்காது மிச்சமாய் மிதந்து வந்த களி, அங்கே கடலின் உப்பு நீர் பட்டவுடன் திரண்டு படிகிறது. ஆற்று முகத்துவாரங்களில் சேறு மேடிடுவதற்கு நீரின் வேகம் குறைவது ஒரு காரணம். உப்பினால் களி திரளுவது மற்றொன்று.

இதனை வீட்டிலேயே பரீக்ஷித்து அறியலாம். கால்வாயின் கலங்கல் நீரை இரண்டு குவளைகளில் சம அளவாக எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை ஜிப்ஸம் தூளைப் போட்டு நன்கு கலக்கி, இரண்டையும் அசையாமல் வைக்கவேண்டும். ஜிப்ஸத்திலுள்ள கால்ஷியம் கரையக் கரைய, அக்குவளையில் களி பூப்பூவாகத் திரண்டு இறங்குவதைக் காணலாம். மற்றது அப்படியே கலங்கி நிற்கும். இந்தச் சிறு பரீக்ஷையைச் செய்து பார்த்தவருக்கு, களர் நிலத்திற்கு ஜிப்ஸம் இடச் சொல்வதன் பொருள் தானே விளங்கும்.

தேற்றாங்கொட்டையும் முருங்கை விதையும்

உப்பைக் கொண்டு துகளின் ஏற்றத்தை அடக்குவது ஒரு வழி. துகள்களைக் கட்டிச் சேர்ப்பது வேறு வழி. கலங்கிய நீரை இல்லம் என்னும் மரத்தின் விதையால் தெளியவைப்பது கலித்தொகையிலேயே உவமையாகக் கூறப்பட்டிருக்கிறது. இல்லம் என்றது தேற்றா மரத்தையே. மண் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து, அதில் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால் நீர் தெளியும். கொட்டையிலிருந்து இறங்குவது எதிர் மின்னேற்றமுள்ள ஒரு பசைப் பொருள். சர்க்கரை இனத்து அணுக்கள் சங்கிலிபோற் கோத்து நீண்டது. அதனுடன் புரதமும் உண்டு.

எதிர் ஏற்றமுள்ள களியை எதிர் ஏற்றமுள்ள பசை எவ்வாறு பற்றும் என்ற கேள்வி எழுவது நியாயமே. நீரிலுள்ள கால்ஷியம் இடையில் நின்று, ஒரு கையால் களியையும் மறு கையால் பசையையும் பிடித்துக்கொள்கிறது. பசையின் நூல் நீளமானதாகையால் அதன் ஒரு பாகம் ஒரு துகளிலும், மற்றொரு பாகம் வேறொரு துகளிலும் ஒட்டுகிறது. ஒரே நாரில் பல பூக்களைத் தொடுப்பது போன்றது இவ்வேலை. தொடுத்த சரம் கனத்து அடியில் இறங்கும்.

இங்கே கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. நார் அளவாயிருந்தால்தான் பூக்கள் சரமாகும். ஒவ்வொரு பூவையும் தனித்தனியே நாரால் சுற்றி மூடிவிட்டால் சரம் ஏது? அதுபோலப் பசை மிகுந்துவிட்டால், ஒவ்வொரு துகளும் முழுவதும் பசையால் மூடப்பட்டு, வேறு துகளைப் பற்ற இடமில்லாமற் போகும். மூடிய பசையின் ஏற்றத்தால் துகள்கள் முன்னிலும் அதிகமாக ஒன்றையொன்று தள்ளும். ஆகவே அதிகமாக இழைத்தால் நீர் சீக்கிரம் தெளியும் என்பது தவறு. தெளியத் தொடங்கிய நீர் மறுபடியும் கலங்கி நின்றுவிடும். சங்கிலி குட்டையாயிருந்தாலும் இதே பலன்தான். குட்டைச் சங்கிலி ஒரு துகளை மூடும். இரண்டைச் சேர்க்க எட்டாது. மண் பரிசோதனைச் சாலைகளில் களியையும் வண்டலையும் தனித்தனியே அளக்க, மண்ணை நீரில் பிரித்து மிதக்கவிடுவதற்காக ஸோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட் என்னும் பாஸ்பேட் சங்கிலியைச் சேர்ப்பது இதனாலேயே. இப்பொருளின் பெயர் இக்கட்டுரையில் இன்னொரு முறையும் வரும்.

முருங்கை விதையின் வேலை சற்று வேறானது. முற்றிக் காய்ந்த விதையின் பருப்பிலுள்ள புரதம் நேர் மின்னேற்றமுள்ளது. ஆகையால் அது கால்ஷியத்தின் உதவியை நாடாமலே களியை நேராகப் பற்றும். சிற்றாற்று நீர் போன்ற மென்மையான நீருக்கு இது பெரிய அநுகூலம். ஸூடான் தேசத்துக் கிராமப் பெண்கள் நைல் நதியின் கலங்கல் நீரை இவ்விதையால் தெளியவைத்து வந்தனர். கலங்கலுக்குத் தக்கபடி லிட்டருக்கு 50 முதல் 200 மில்லிகிராம் வரையில் பருப்புப் பொடி போதும். பொடியைச் சிறிது நீரில் குழைத்து, வடிகட்டி, அவ்வடிநீரைச் சேர்த்து முதலில் வேகமாயும் பின்பு மெதுவாயும் கலக்கி, இரண்டொரு மணி நேரம் வைக்கவேண்டும். இவ்வாறு தெளிந்த நீரில் கிருமிகள் குறையுமேயன்றி அடியோடு ஒழிவதில்லை; குடிப்பதானால் காய்ச்சியே குடிக்கவேண்டும். விதையின் சத்து நீரில் எஞ்சியிருப்பதால் ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது.

விவசாயிக்கு இது பயன்படும் இடம் மருந்து தெளிக்கும்போதுதான். சில களைக்கொல்லி மருந்துகள் களியை நாடி ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. கால்வாயின் கலங்கல் நீரிலேயே அவற்றைக் கரைத்து அடித்தால், மருந்தில் ஒரு பாகம் களையைச் சேராமல் களியோடு போய்விடுகிறது. மருந்து போலியென்று கடைக்காரருடன் சண்டையிடுவதற்குமுன், கரைத்த நீர் எத்தகையதென்று பார்ப்பது நலம்.

கிணற்று நீரில் கல் உண்டாகும் விதம்

கீழ்ப் பாகத்துக் கரிசல் நிலங்களில் சுக்காங்கல் விரவியிருப்பதை உழுபவர் அறிவர். மழை நீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் கிருமிகளும் விடும் கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு சற்றுப் புளிப்பாகிறது. அந்நீர் சுக்காங்கல்லிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து, கால்ஷியம் பைகார்பனேட்டாகச் சுமந்துகொண்டு கிணற்றில் ஊறுகிறது. மேலே இறைத்ததும் வாயு விலகிவிடுகிறது. வெயிலில் கிடக்கும் கறுப்புக் குழாயில் நீர் சூடேறினால் இன்னும் விரைவாக விலகும். வாயு போனபின் சுண்ணாம்பு கரைந்திருக்க முடியாது; ஸ்படிகமாகப் பிரிகிறது.

ஸ்படிகம் வளர்வது கொத்தனார் சுவர் எழுப்புவதை ஒத்தது. கட்டி முடிந்த வரியின்மேல் எங்கேயாவது ஒரு செங்கல்லைத் தனியே வைப்பதைக் காட்டிலும், பாதியில் நிற்கும் வரியின் முனையில் அடுத்த கல்லைச் சேர்ப்பது எளிது. சுண்ணாம்பு அணுக்களும் ஸ்படிகத்தின் முகமெங்கும் படிவதில்லை. பாதியில் நிற்கும் விளிம்புகளிலேயே வந்து சேர்கின்றன. எதிர் மின்னேற்றமுள்ள ஒரு பாலிமர் நீரில் இருந்தால், அது அவ்விளிம்பிலுள்ள கால்ஷியத்தைப் பற்றிக்கொண்டு வழியை அடைத்துவிடும். ஸ்படிகம் முழுவதையும் மூடவேண்டியதில்லை. வரியின் முனைகளை மட்டும் மறித்தாற் போதும். ஆகையால்தான் நீரில் பத்து லட்சத்தில் நூற்றுக்கணக்கான பங்கு சுண்ணாம்பு இருக்க, அதை அடக்க இரண்டொரு பங்கு பாலிமர் போதுமானதாகிறது.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாறு விவசாயத்தைச் சேர்ந்தது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில், பாசன நீரிலேயே அம்மோனியா உரத்தைக் கலந்து பாய்ச்ச முயன்றபோது, கடின நீரில் அம்மோனியா சேர்ந்தவுடன் சுண்ணாம்பு பிரிந்து குழாய்களையும் வாய்க்கால்களையும் கெடுத்தது. லுட்விக் ரோஸன்ஸ்டைன் என்பவர், முன் சொன்ன பாஸ்பேட் சங்கிலிகளைப் பத்து லட்சத்தில் சில பங்கு மட்டும் சேர்த்தால் சுண்ணாம்பு பிரிவதில்லை என்று கண்டு, பாசன நீரைப் பக்குவப்படுத்தும் அம்முறைக்கு 1936-ல் உரிமை பெற்றார். ஹாச், ரைஸ் என்ற இருவர் 1939-லும், ப்யூரர், ரைட்டமையர் என்ற இருவர் 1940-லும் இதனை ஆராய்ந்து, பாஸ்பேட் சங்கிலி ஸ்படிகத்தின் முகத்தில் ஒட்டி அதன் வளர்ச்சியைத் தடுப்பதே காரணமென்று விளக்கினர். இன்று கொதிகலன்களிலும் பெரிய யந்திர சாலைகளிலும் படிவைத் தடுக்கச் சேர்க்கும் பாலிமர்களுக்கு வயல் நீரே முன்னோடி.

தமிழ் நாட்டுக் கொத்தனார்களுக்கு இதன் மறுபக்கம் வெகு காலமாகத் தெரியும். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய் ஊறிய நீரையும் கருப்பட்டி அல்லது வெல்லக் கரைசலையும் சேர்த்து அரைப்பது அவர்கள் வழக்கம். காற்றிலுள்ள கரியமிலவாயுவை உண்டு சாந்து மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறும்போது, இப்பொருள்கள் ஸ்படிகங்களின் வளர்ச்சியில் தலையிடுகின்றன. கல்லின் வடிவும் பருமனும் மாறிச் சாந்தின் உறுதி மாறுகிறது. பழைய சாந்தைத் தற்காலத்துப் பரிசோதனைச் சாலைகளில் ஆராய்ந்தவர்கள் இதனைக் கண்டிருக்கின்றனர். மன்னார் வளைகுடாவின் முத்தும் பெரும்பாலும் சுண்ணாம்பே. சிப்பி தன் உடலில் சுரக்கும் எதிர் மின்னேற்றமுள்ள புரதங்களைக் கொண்டு அச்சுண்ணாம்பை மெல்லிய தகடு தகடாக அடுக்கி ஒளிபெறச் செய்கிறது. அடுப்பிலேற்றிய பானையில் படியும் முரட்டு வெள்ளைக்கும் முத்துக்கும் உள்ள வித்தியாசம், பக்கத்தில் நின்று வேலை வாங்கும் பசைப் பொருளால் வந்தது.

சொட்டு நீர்க் குழாயைக் காப்பது

கடினக் கிணற்று நீரைக் கொண்டு எலுமிச்சைக்கும் காய்கறிக்கும் சொட்டு நீர்ப் பாசனம் செய்பவர்களின் கஷ்டம் ஒரே மாதிரியானது. முதல் வருஷம் எல்லாச் செடிக்கும் சமமாகச் சொட்டுகிறது. பிறகு கடைசி வரிசைகள் வாடத் தொடங்குகின்றன. சொட்டுவானின் உள்வழி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ளதாகையால், நகக்கண் அளவு சுண்ணாம்பு அதை அடைக்கப் போதும். கோடை நடுவில் அடைப்பு முற்றினால், குழாய் பழுதாவதோடு நிற்காது; பல வருஷம் வளர்த்த மரம் காய்ந்துபோகும்.

முதலில் அடைப்பு எதனால் என்று அறியவேண்டும். சொட்டுவானிலிருந்து படிவைச் சுரண்டி எடுத்து அதன்மேல் காடியாவது நீர்த்த அமிலமாவது சில துளி விட்டால், சுண்ணாம்பானால் நுரைத்துப் பொங்கும். வழவழப்பாயும் நாற்றமாயும் இருந்து நுரைக்காவிடில் பாசியும் கிருமிக் கூட்டமும் என்றறியலாம். செம்பழுப்பாயிருந்தால் இரும்புத் துரு. சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் வேறு. நீரின் காரத்தன்மை 7.5 என்ற எண்ணுக்கு மேலும், பைகார்பனேட் லிட்டருக்கு 2 மில்லி ஈக்விவலண்டுக்கு மேலும் இருந்தால் சுண்ணாம்பு படியும் என்று எதிர்பார்க்கலாம்.

ஏற்கெனவே இறுகிவிட்ட படிவைப் பாலிமர் கரைக்காது. அதற்கு அமிலமே வேண்டும். அமிலத்தைக் குழாய் நீரில் செலுத்தி, கடைசிச் சொட்டுவானில் சொட்டும் நீரின் எண் 4 அளவுக்கு இறங்கும் வரையில் விட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, பின்பு குழாய் முனைகளைத் திறந்து நன்றாகக் கழுவிவிடவேண்டும். நீரில் அமிலத்தை ஊற்றவேண்டுமே தவிர, அமிலத்தில் நீரை ஊற்றலாகாது. பாசிக்கு இடும் குளோரின் மருந்தையும் அமிலத்தையும் ஒரே சமயத்தில் சேர்த்தால் உயிருக்கு ஆபத்தான விஷவாயு எழும்பும்.

கழுவிச் சுத்தமான குழாயில் மறுபடியும் படியாமல் தடுப்பதில்தான் பாலிமருக்கு இடமுண்டு. பாஸ்பேட் சங்கிலி, பாலி அக்ரிலேட், பாலி அஸ்பார்டேட் ஆகியவை இவ்வேலைக்கு உரியவை. இவற்றுள் பாலி அஸ்பார்டேட் மண்ணிலுள்ள கிருமிகளால் சிதைந்துபோகும் குணமுள்ளது. அதனைச் செய்யும் முறைக்காக அமெரிக்க நிறுவனமொன்று 1996-ல் அந்நாட்டின் பசுமை ரசாயனப் பரிசைப் பெற்றது. அளவு, 1000 லிட்டர் நீருக்குச் சில கிராமே. அளவை மீறினால் பலன் தலைகீழாகும். பாலி அக்ரிலேட் மிகுந்தால், மிகுந்த கால்ஷியத்தோடு சேர்ந்து தானே பிசின்போல் படியும். பாஸ்பேட் சங்கிலி வெயிலில் நாட்பட நிற்க, அறுந்து சாதாரண பாஸ்பேட்டாகிக் கால்ஷியத்தோடு கல்லாகும். அம்மோனியம் பாலிபாஸ்பேட் என்னும் திரவ உரத்தை உர அளவில் கடின நீரில் விட்டவர்கள் குழாய் முழுவதும் கூழாகக் கண்டது இதனாலேயே. சில துளியில் படிவைத் தடுத்த அதே பொருள், குடம் அளவில் படிவை உண்டாக்குகிறது.

எந்த உரத்தையும் குழாயில் விடுமுன், அதே கிணற்று நீரில், அதே விகிதத்தில் ஒரு குவளையில் கரைத்து ஓர் இரவு வைத்துப் பார்க்கவேண்டும். பால்போல் வெளுத்தாலும் அடியில் படிந்தாலும் அவ்வுரம் அந்த நீருக்கு ஆகாது. செலவில்லாத இப்பரீக்ஷையைச் செய்யாமல் குழாய்களை மாற்றியவர் அநேகர்.

மணிச்சத்து கல்லாவதும் எரு அதைத் தடுப்பதும்

குழாயில் நேர்வதே நிலத்திலும் நேர்கிறது. சூப்பர் பாஸ்பேட்டிலுள்ள மணிச்சத்து நீரில் கரையக்கூடியது. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் இட்டவுடன் அது கால்ஷியத்தோடு கூடுகிறது. முதலில் உண்டாகும் உப்பு ஓரளவு கரையும். வேர் அதிலிருந்து சத்தைப் பெறலாம். நாளாக ஆக, அது மேன்மேலும் கரையாத ஸ்படிகமாகி, முடிவில் எலும்பிலுள்ள பொருளை ஒத்ததாய்விடுகிறது. விவசாயி இட்ட மணிச்சத்து நிலத்தை விட்டுப் போகவில்லை. பயிருக்கு எட்டாமல் பூட்டிக் கிடக்கிறது.

இம்மாற்றத்தைத் தாமதப்படுத்துவது எருவின் கரிய சாரம். மக்கிய எருவில் ஹ்யூமிக், பல்விக் என்ற அமிலங்கள் உள்ளன. எதிர் மின்னேற்றம் நிறைந்த பொருள்கள். இவ்வமிலங்களும் கடுக்காயிலுள்ளது போன்ற துவர்ப்புச் சத்தும், கால்ஷியம் பாஸ்பேட் ஸ்படிகத்தின் முகத்தில் ஒட்டி அதன் வளர்ச்சியை நிறுத்துகின்றன என்பதை இன்ஸ்கீப், ஸில்வர்டூத் என்ற இருவர் 1988-ல் பரிசோதனைச் சாலையில் காட்டினர். சூப்பர் பாஸ்பேட்டைத் தொழு எருவோடு கலந்து மூட்டம் போடும்படி விவசாய இலாகாவினர் வற்புறுத்துவதற்கு இதுவும் ஓர் ஆதாரம். மானாவாரிக்கு எக்டேருக்கு 750 கிலோ நன்கு மக்கிய எருவில், பயிருக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, கை ஈரம் இருக்கும்படி நிழலில் குவித்து, ஒரு மாதம் மூடிவைத்து, விதைக்கும்போது அடியுரமாக இடவேண்டும். நிலமெங்கும் தூவாமல் விதை வரிசையின் அருகில் இடுவது மேல். டப்பாக்களில் விற்கும் ஹ்யூமிக் அமிலம் இதே இனத்ததுதான்; ஆனால் எக்டேருக்குச் சில லிட்டர் ஊற்றுவதை ஒரு வண்டி எருவுக்கு ஈடாக எண்ணுவது கணக்குத் தெரியாமையே.

இரண்டு தீங்கும் சேருமிடம்

கிணற்று நீரில் கால்ஷியத்தைக் காட்டிலும் பைகார்பனேட் மிகுந்திருந்தால் வேறொரு கேடு விளைகிறது. அந்நீர் வயலில் காயக் காயச் சுண்ணாம்பு முழுவதும் மண்ணில் பிரிந்துவிடும். எஞ்சுவது ஸோடியம். ஸோடியம் ஒற்றை ஏற்றமுள்ளது. களியை இறுகப் பற்றாது. கால்ஷியம் விலகி ஸோடியம் அமர்ந்த களி, அடுத்த மழையின் மென்மையான நீர் பட்டதும் சிற்றாற்று நீரின் களிபோல் பிரிந்து மிதக்கத் தொடங்குகிறது. மிதந்த களி மண்ணின் நுண் துவாரங்களை அடைக்கும். மேலே ஓடு கட்டும், நீர் இறங்காது, சின்ன வெங்காயமும் நிலக்கடலையும் மூச்சு முட்டும். தெளிந்த கிணற்று நீர் கலங்கும் நிலத்தை உண்டாக்குவது இவ்விதமே. எஞ்சும் ஸோடியம் கார்பனேட்டின் அளவு லிட்டருக்கு 1.25 மில்லி ஈக்விவலண்டுக்குக் கீழிருந்தால் நீர் நல்லது, 2.5-க்கு மேற்பட்டால் பாசனத்திற்குத் தகாது. இடைப்பட்டது எச்சரிக்கையுடன் உபயோகிக்கத்தக்கது.

நிலம் அந்நிலைக்கு வந்துவிட்டதா என அறிய, காய்ந்த சிறு மண்கட்டி ஒன்றைச் சுத்தமான மழை நீர் உள்ள கிண்ணத்தில் மெதுவாக இட்டு, தொடாமல் ஒரு நாள் பார்க்கவேண்டும். கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிவாயிருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் புகைபோல் பால் நிறம் படர்ந்தால் களி பிரிகிறதென்று தெரிந்துகொள்ளலாம். 1967-ல் எமர்ஸன் என்பவர் ஆஸ்திரேலியாவில் வகுத்த பரீக்ஷையின் சுருக்கம் இது. படர்ந்தால், மண் பரிசோதனை சொல்லும் அளவு ஜிப்ஸம் இட்டு, நீர் கட்டி வடித்து, தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழவேண்டும். ஜிப்ஸத்தின் கால்ஷியம் களியைத் திரட்டும். பசுந்தாளும் எருவும் மக்கி வரும் பசை, திரண்டதைக் கட்டி நிறுத்தும். ஒன்றை மட்டும் செய்து நிறுத்தினால் அடுத்த மழைக்குள் நிலம் பழையபடி ஆவதுண்டு.

மேல் நாட்டார் இப்பசையின் வேலைக்குச் செயற்கைப் பாலிமர்களையும் முயன்றனர். 1951-ல் கிரிலியம் என்ற பெயரால் அமெரிக்காவில் ஒன்று ஆரவாரத்துடன் வெளிவந்தது. வயல் முழுவதற்கும் இட வேண்டிய அளவுக்கு விலை கட்டுபடியாகவில்லை. பின்னர் ஐடஹோ மாகாணத்தில் லென்ட்ஸ், ஸோஜ்கா என்பவர்கள், மண் முழுவதற்கும் இடாமல், சால் வழியே முதலில் ஓடும் பாசன நீரில் மட்டும் பத்து லட்சத்தில் 10 பங்கு எதிர் மின்னேற்றமுள்ள பாலி அக்ரிலமைடைச் சேர்த்து, மண் அரிப்பை 94 சதவீதம் குறைத்ததாக 1994-ல் வெளியிட்டனர். அதற்கும் நீரில் கால்ஷியம் இருக்கவேண்டும். தேற்றாங்கொட்டைக்குச் சொன்ன காரணமே. தென்காசிப் பக்கத்துச் செம்மண் நிலத்திற்குக் குளத்து வண்டலும் தொழு எருவும் இவ்வேலையைக் குறைந்த செலவில் செய்கின்றன. வண்டல் எடுக்க அனுமதி கேட்டு வரும் விவசாயிகளை, கோடை முடிந்து குளத்தில் நீர் ஏறும் வரையில் காக்க வைக்காமல் கிராம அதிகாரிகள் உதவினால், கார் சாகுபடிக்குமுன் வண்டல் நிலத்தில் சேரும்.

நீரைப் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்ற காலம், நீர் மட்டம் இறங்கி உப்பு மிகுந்து நிற்கும் கோடையே. பம்பை அரை மணி நேரம் ஓட்டியபின், பிடிக்கப்போகும் நீரினாலேயே மும்முறை கழுவிய ஒரு லிட்டர் புட்டியில், காற்றுக்கு இடமில்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடவேண்டும். வாயு விலகினால் சுண்ணாம்பு புட்டியிலேயே படிந்து கணக்கைக் கெடுக்கும்; ஆகையால் வெயிலில் வைக்காமல் அன்றைக்கே சேர்ப்பிக்கவேண்டும். புட்டியின்மேல் விவசாயியின் பெயர், கிராமம், சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், பாய்ச்சும் பயிர், சொட்டு நீர்க் குழாய் உண்டா இல்லையா என்பவற்றை எழுதி ஒட்டியனுப்பவேண்டும்.